நூற்று முப்பத்திரண்டு கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கண்ணைத் திறந்ததும் முதல் நினைப்பே ‘ஏண்டி வாயைத் திறந்தே?’ என்பதுதான். நேற்று சம்பந்தி வீட்டுக்கு டீ குடிக்கப் போனவள், நூற்று முப்பத்திரண்டு அட்டைகளை என் தலையில் நானே ஏற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். மகளுக்குக் கல்யாணம் முடிந்து பதினாறு நாள் ஆகிறது. வந்து வாழ்த்திய குடும்பங்களுக்கெல்லாம் ஒரு நன்றி அட்டை அனுப்பலாமே என்று மாப்பிள்ளை சொன்னார். நல்ல யோசனைதான். உடனே அவருடைய அம்மா, முப்பது வருஷமாக அச்சகம் நடத்துகிறவர், கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி மேசையில் ஒரு தட்டு தட்டி, “நம்ம அச்சகத்துலயே அடிச்சிடலாம், அரை நாள் வேலை” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், “வேண்டாம் சம்பந்தி, நான் கையால செஞ்சு தரேன்” என்றேன்.

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார், அதுதான் எனக்கு ஆத்திரம். கையால் செய்தது வீட்டுச் சுவரில் மாட்ட நன்றாக இருக்குமாம். இத்தனை குடும்பத்துக்கு அனுப்புவதென்றால் முதல் அட்டை மாதிரியே கடைசி அட்டையும் இருக்க வேண்டுமாம், அது மனுஷக் கையால் ஆகிற காரியம் இல்லையாம். “சரி, ஏப்ரல் அஞ்சாம் தேதி வரைக்கும் பாக்கலாம். முடியலைன்னா சொல்லிடுங்க, நாங்க அடிச்சுக்கறோம்” என்று முடித்தார். மகள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிதிப்பதைக் கொஞ்சம் முன்னாலேயே மிதித்திருக்கலாம்.

மார்ச் 4, புதன்

ஏன் வாயைத் திறந்தேன் என்று இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன்.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை.

அதை அடித்தது சம்பந்தியம்மாவின் அச்சகம். அவர் பெயர், அவர் வீட்டுக்காரர் பெயர், மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர் வரை பெரிய எழுத்தில் இருந்தது. மணமகள் என்று போட்ட இடத்தில், காலஞ்சென்ற இன்னாரின் மகள். அவ்வளவுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த மனிதருக்கு இடம் இருந்தது. அவர் போன பிறகு அந்தப் பெண்ணை ஒற்றை ஆளாக நின்று வளர்த்துப் படிக்கவைத்தவளுக்கு இடம் இல்லை. கட்டுக்கட்டாக அடித்து வந்த பிறகுதான் பார்த்தேன். கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? “இடம் பத்தல சம்பந்தி. வரி மடிஞ்சா பாக்க நல்லா இருக்காது” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கல்யாணத்தன்று எனக்குக் கொடுத்த பொறுப்பு ஒன்றே ஒன்று. மண்டப வாசலில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு தடித்த வாழ்த்து நோட்டு. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், நான் பேனா கொடுக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவள், பேனாவை நீட்டிக்கொண்டு நின்றேன். சிரித்துக்கொண்டே நின்றேன் என்பதுதான் இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகள் இனி வாழப்போவது அந்த வீட்டில். இந்த அட்டையிலும் நான் தோற்றால், அந்த வாசலில் ஆயுசுக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைய வேண்டும். அதற்கு நான் ஆள் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

தெரியாத வேலையில் ஒன்றும் நான் கை வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக வாழ்த்து அட்டை செய்கிறேன். ஆரம்பித்தது ஒரு விபத்தில்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வரவேற்பு மேசையில். அங்கே ஒரு லேமினேஷன் மெஷின் உண்டு. பல் தேய்க்கும் முறையை அச்சடித்த தாள்களுக்கு அதில்தான் பிளாஸ்டிக் உறை போடுவேன். ஒருநாள் உறையைப் போட மறந்து வெறும் தாளை உள்ளே விட்டிருக்கிறேன். பரிசுப் பொட்டலம் கட்டலாம் என்று வாங்கிவைத்திருந்த தங்க நிற ஃபாயிலில் ஒரு துண்டு அந்தத் தாளின் மேல் கிடந்தது, அதுவும் சேர்ந்து போய்விட்டது. வெளியே வந்ததும் பதறிப்போய் உரித்தால், படத்தில் இருந்த கடைவாய்ப் பல் தகதகவென்று தங்கம்! கறுப்புக் கோடு இருந்த இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. வெள்ளையில் ஒரு பொட்டுகூட இல்லை. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் நாலு தடவை வரச்சொல்லி மாட்டுற தங்கப் பல்லை நீங்க ஒரே நிமிஷத்துல மாட்டிட்டீங்க” என்றார்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஜெராக்ஸில் கறுப்பாக விழுவது மை இல்லையாம், டோனர் என்கிற தூளாம். சூடு பட்டால் அது இளகிப் பசை ஆகிவிடும். மேலே ஃபாயிலை வைத்துச் சூட்டோடு அழுத்தினால், தூள் இருக்கும் இடம் மட்டும் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பேனாவில் எழுதினால் பிடிக்காது. பேனாவில் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்தால் பிடிக்கும். அன்றிலிருந்து கிளினிக்கில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அட்டை என்னுடையதுதான்.

ஆனால் பிறந்தநாள் வருஷத்துக்குப் பத்து வரும். ஒரே மாதத்தில் நூற்று முப்பத்திரண்டு வருமா?

மார்ச் 8, ஞாயிறு

என்ன படம் போடுவது? காலையிலிருந்து அதே வேலை. பூ வரைந்தேன், கொடி வரைந்தேன். இரண்டு பறவை வரைந்தேன், ஒன்றையொன்று கொத்தப் போவது போல வந்தன. எல்லாமே எங்கேயோ பார்த்ததாக இருந்தது. இதைச் செய்ய நான் எதற்கு? அச்சகமே போதும்.

எரிச்சலில் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது அந்த வாழ்த்து நோட்டு கையில் அகப்பட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் திறக்கவே இல்லை. நானும் கோபத்தில் ஒதுக்கிவைத்திருந்தேன். உட்கார்ந்து படித்தேன். பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் தெருத் தையல்காரர்: “இருவரும் நூறாண்டு வாழ்க. ரவிக்கை நான் தைத்தது.” மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட மாமா: “சாப்பாடு அருமை. கடைசியில் வந்தவர்களுக்கு இனிப்பு கிடைக்கவில்லை.” என் பெரியப்பா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கை நடுக்கத்தோடு ஒரு வரி முழுக்க எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு யானை வரைந்திருக்கிறது, யானைக்கு ஐந்து கால். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று சாய்ந்து, ஒன்று நிமிர்ந்து, ஒன்று கோழி கிளறியது போல.

படித்துக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இதை ஜெராக்ஸ் எடுத்தால் டோனர். டோனர் என்றால் தங்கம். அவரவர் எழுதிய எழுத்தை அவரவருக்கே தங்கத்தில் திருப்பி அனுப்பினால்?

அச்சகத்தில் தங்க எழுத்து வேண்டுமானால் உலோகத்தில் பிளாக் எடுக்க வேண்டும். ஒரு பிளாக்குக்கு ஆயிரம் அட்டை அடிப்பார்கள், சரி. ஒரு அட்டைக்கு ஒரு பிளாக் என்று நூற்று முப்பத்திரண்டு பிளாக் எடுக்கிற பைத்தியக்கார அச்சகம் உலகத்தில் இல்லை. ‘முதல் அட்டை மாதிரியே கடைசி அட்டையும்’ என்றாரே சம்பந்தியம்மா. வரட்டும். என் அட்டையில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்கவே இருக்காது.

எழுந்து சமையலறையில் தனியாக இரண்டு சுற்று சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டர் மெஷினை ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். “தங்கப் பல்லு மட்டும் போட்டுடாதீங்க” என்றார்.

மார்ச் 14, சனி

ஜெராக்ஸ் கடைக்காரர் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நோட்டில் பக்கம் பக்கமாகக் காட்டி, இது இந்த அளவு, அது அந்த அளவு, வழுவழு அட்டையில்தான் வேண்டும், நடுவில் விழ வேண்டும் என்றெல்லாம் சொன்னால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? பத்தாவது பக்கத்தில் தையல்காரரின் ரவிக்கை வந்தது. படித்துவிட்டுச் சிரித்தவர், அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் படித்துப் படித்துத்தான் எடுத்தார். அதனால் நாற்பதுதான் முடிந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இன்று போல ஒரு ஞாயிறு வந்து எத்தனை நாளாயிற்று!

மெஷின் சூடாகிப் பச்சை விளக்கு எரியும் வரை காத்திருப்பேன். எழுத்தின் மேல் ஃபாயிலை, மினுங்கும் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, ஒரு மடித்த தாளுக்கு நடுவில் செருகி உள்ளே விடுவேன். அது மெதுவாக ஊர்ந்து மறுபக்கம் வரும். சூடு ஆறும் வரை தொடக் கூடாது. அவசரக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆறியதும் ஒரு மூலையைப் பிடித்து உரித்தால், சரசரவென்று ஒரு சத்தம். பெரியப்பாவின் நடுக்கம் அப்படியே தங்கக் கம்பியாக நெளிந்து கிடந்தது. நல்ல எழுத்தைவிட நடுங்கின எழுத்துதான் அழகு. ஐந்து கால் யானை மகாராஜா வீட்டு யானை ஆகிவிட்டது.

நாற்பதும் முடிந்துவிட்டது. மேசை, கட்டில், ஜன்னல் விளிம்பு எங்கும் பரப்பிவைத்துவிட்டு நடுவில் நின்றேன். என் வீடு எனக்கே புதிதாக இருந்தது.

மார்ச் 21, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

நாற்பதும் போச்சு. எல்லாம் போச்சு.

அட்டைக்கு உள்பக்கம் நன்றி வாசகம் வேண்டும். பிறந்தநாள் அட்டைகளுக்குக் கையால்தான் எழுதுவேன், இத்தனைக்கு எழுத முடியாதே என்று ஜெராக்ஸ் கடையிலேயே அச்சடிக்கக் கொடுத்தேன். தங்கம் ஒட்டின அட்டைகளை. ஏண்டி, அந்த மெஷினுக்குள்ளேயும் சூடுதானே? தூளை ஒட்டவைக்கிற அதே சூடு! ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லத் தெரிந்தவளுக்கு இது மட்டும் உறைக்கவில்லையே. முதல் கட்டை மொத்தமாக உள்ளே வைத்து ஓட்டிவிட்டார். வெளியே வந்தவை சொறி பிடித்தது போல இருந்தன. தங்கம் பாதி உரிந்து, மெஷினுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்து வந்த ஒருவருடைய வேலை விண்ணப்பத்தில் குறுக்கே ஒரு தங்கக் கோடு. கடைக்காரர் கத்தவில்லை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அம்மா, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெரியப்பாவின் வரியில் முதல் எழுத்து மட்டும்தான் மிச்சம்.

மார்ச் 22, ஞாயிறு

மகளிடம் சொன்னது, மகள் மாப்பிள்ளையிடம் சொல்லி, மாப்பிள்ளை அம்மாவிடம் சொல்லி, மதியத்துக்குள் சம்பந்தியம்மாவே கூப்பிட்டுவிட்டார். குத்திக்காட்டவில்லை, அது அவருக்குத் தெரியாத வித்தை. “காயிதம் தயாரா இருக்கு, நாளைக்கே ஏத்திடுவேன். இதுல கௌரவம் பாக்காதீங்க சம்பந்தி” என்றார். உண்மையிலேயே உதவத்தான் கூப்பிட்டார் என்று தோன்றியது. அதனால்தான் இன்னும் வலித்தது.

“அஞ்சாம் தேதி இன்னும் வரலையே சம்பந்தி” என்றேன்.

போனை வைத்த பிறகு ஒரு தாளை எடுத்துப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்: கறுப்பு முழுக்க முதலில். தங்கம் கடைசியில். உள்பக்கம், வெளிப்பக்கம், எல்லாக் கறுப்பும் விழுந்த பிறகுதான் ஃபாயிலைத் தொடுவது. இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு எளிதான விஷயத்துக்கு நாற்பது அட்டைகளைப் பலி கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகவில்லை. வேறு இரண்டு கடைகளில் கேட்டேன். கெட்டி அட்டை எங்கள் மெஷினில் போகாது என்றார்கள். பத்து நாள்தான் இருக்கிறது.

மார்ச் 28, சனி

வெட்கத்தை விட்டுப் பழைய கடைக்கே போய் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார், நான் எதையோ கடத்திக்கொண்டு போக வந்தது மாதிரி. சுவரில் ஒட்டியதை அவரிடம் ஒப்பித்தேன். கறுப்பு முதலில், தங்கம் கடைசியில், என் அட்டை உங்கள் மெஷினுக்குள் ஒரே ஒரு தடவை, வெறும் அட்டையாகத்தான் போகும். அவர் யோசித்தார். பிறகு சொன்னார், அந்த விண்ணப்பக்காரர் திரும்பி வந்தாராம். சண்டைக்குத்தான் வருகிறார் என்று இவர் பயந்திருக்கிறார். அவரோ இன்னொரு பிரதி கேட்டாராம், அதே தங்கக் கோட்டோடு. “நோட்டைக் குடுங்க. சீக்கிரம், நான் மனசு மாறுறதுக்குள்ள” என்றார்.

சில பேர் வெளுத்த மையில் எழுதியிருந்ததால், மெஷினில் கறுப்பின் அழுத்தத்தைக் கடைசி வரை கூட்டிவைத்து எடுத்தார். நூற்று முப்பத்திரண்டும், உள்பக்க வாசகத்தோடு, மதியத்துக்குள் முடிந்தது. சிலவற்றில் லேசாகக் கறுப்பு அழுக்கு விழுந்திருக்கிறது. பரவாயில்லை.

மார்ச் 29, ஞாயிறு

இதை இப்போதே எழுத வேண்டும்.

காலை ஆறு மணிக்கு மெஷினைப் போட்டேன். எண்பதைத் தாண்டியபோது சம்பந்தியம்மாவின் பக்கம் வந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்து மட்டும்தான் இருந்தது, அதுவும் மூலையில், பில்லில் போடுவது போல. ‘மகன் கல்யாணத்துக்கு ஒரு வரி எழுத மனசு வரவில்லையே’ என்று நோட்டைப் படித்த அன்றைக்கே நினைத்திருந்தேன். ஜெராக்ஸில் கையெழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ அழுக்கு. சரிதான் என்று ஃபாயிலை வைத்து விட்டேன்.

ஆறியதும் உரித்தேன். அழுக்கு இல்லை. எழுத்து! பொடிப் பொடித் தங்கப் புள்ளியாக, ஆனால் வாசிக்கும்படியாக, இரண்டு வரி எழுத்து!

நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்திருக்கிறார். அச்சகத்தில் பிழை திருத்திப் பழகியவர், எதையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். அழித்ததில் மிச்சமிருந்த கரியை, அழுத்தம் கூட்டின மெஷின் பிடித்துவிட்டது. மெஷின் பிடித்த தூளைத் தங்கம் பிடித்துவிட்டது. எழுதியிருந்தது இது:

“பெண்ணைப் பெற்றவள் வாய்க்காரி. ஆனால் பெண்ணை வளர்க்கத் தெரிந்தவள்.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது. வாய்க்காரியா நான்? அப்புறம் இரண்டாவது வரியை மறுபடி படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் பேனாவை நீட்டிக்கொண்டு நின்ற அதே மேசையில், எனக்கு இரண்டடி தூரத்தில் குனிந்து இதை எழுதிவிட்டு, எழுதியதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அழித்துவிட்டுப் போயிருக்கிறாரே அந்தப் பெண்மணி!

மார்ச் 30, திங்கள்

மகளிடம் போனில் சொன்னேன். இரண்டு வரியையும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “அம்மா, அத்தைகிட்ட அதைக் காட்டிடாதே. அழிச்சதைத் தோண்டி எடுத்தா யாருக்குத்தான் பிடிக்கும்?” என்றாள். சரியான கேள்விதான். அந்தப் பக்கத்தை இன்னொரு பிரதி எடுத்து, அதில் கையெழுத்தின் மேல் மட்டும் ஃபாயில் துண்டை வைத்துவிட்டால் போதும், அந்த இரண்டு வரி வெறும் அழுக்காகவே இருந்துவிடும்.

“வாய்க்காரின்னு போட்டிருக்காங்களே, அது உனக்குக் கோபமா இல்லையா?” என்று கேட்டாள்.

“அதுல என்னடி பொய் இருக்கு?” என்றேன். சிரித்துவிட்டாள். கல்யாணமான பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் கேட்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்னும் பதினேழு. விரல் நுனியெல்லாம் தங்கம். பல்லைக் காட்ட வந்த ஒருவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 4, சனி

முடிந்தது. நூற்று முப்பத்திரண்டு. மூன்று தடவை எண்ணினேன். சம்பந்தியம்மாவுக்கு மட்டும் இரண்டு: கையெழுத்து மட்டும் இருப்பது ஒன்று, இரண்டு வரியும் இருப்பது ஒன்று. முதலாவது கட்டோடு இருக்கிறது. இரண்டாவது என் கைப்பையில் தனியாக இருக்கிறது. எதைக் கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 5, ஞாயிறு

அச்சகத்துக்கே போனேன். ஞாயிறு என்பதால் மெஷின்கள் ஓடவில்லை. மையும் எண்ணெயும் கலந்த வாசனை மட்டும் இருந்தது. தாள் வெட்டும் மேசையில் வைத்து அட்டைகள் அடுக்கிய இரண்டு பெட்டியையும் திறந்தேன். மகளும் மாப்பிள்ளையும் ஓரமாக நின்றார்கள், மார்க் தாள் வாங்க வந்த பிள்ளைகள் மாதிரி.

சம்பந்தியம்மா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, விளிம்பு பார்த்து, மடிப்பு பார்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டியும் பார்த்தார். தங்கம் அசையவில்லை. ஒன்று, இரண்டு, பத்து. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், பிழை கண்டால் குறிக்க. இனிப்பு கிடைக்காத மாமாவின் அட்டை வந்ததும் நிமிர்ந்து, “இதையுமா போட்டீங்க?” என்றார். அவர் எழுதினது அதுதான் என்றேன். உதடு லேசாக வளைந்தது. முப்பதாவது அட்டையில் பூதக்கண்ணாடி கீழே போய்விட்டது. ஐம்பதில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சரிபார்க்கவில்லை, படித்தார். கடைசி வரை படித்தார். பென்சில் ஒரு தடவைகூடத் தாளைத் தொடவில்லை.

முடித்துவிட்டு மகனிடம் திரும்பி, “நம்மால இதை அடிக்க முடியாதுடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. மறைக்கவும் இல்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் யார்? டீ போடச் சொல்லிப் பிள்ளைகளை அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கைப்பையைத் திறந்து அந்த இன்னொரு அட்டையை அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. “அழிச்சதுகூடவா வரும் இதுல?” என்று மெதுவாகக் கேட்டார். வரும் என்றேன்.

“வாய்க்காரின்னு எழுதினது தப்புதான் சம்பந்தி.”

“அது தப்பே இல்ல. அழிச்சதுதான் தப்பு.”

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, என்னைப் பார்த்து, நேராகப் பார்த்துச் சொன்னார்: “பத்திரிகையில இடம் பத்தலைன்னு சொன்னது பொய். நான் விட்டுட்டேன். பிழை பாத்தது நான்தான். மூணு தடவை பாத்தேன், மூணு தடவையும் இருக்கிற எழுத்துலதான் பிழை தேடினேன். இல்லாத பேரு கண்ணுல படல. முப்பது வருஷம் இதே தொழில்ல இருந்துட்டு, சொந்த மகன் பத்திரிகையில பொண்ணோட அம்மா பேரை விட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? அதான் இடம் பத்தலைன்னேன்.”

இரண்டு மாதமாக நெஞ்சில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன், வேண்டுமென்றே விட்டார்கள் என்று. கடைசியில் பார்த்தால் என்னைப் போலவே இன்னொரு வீம்பு பிடித்தவள்! நானும் நாற்பது அட்டையைப் பாழாக்கியவள்தான், தெரிந்த சூட்டிலேயே கொண்டுபோய் வைத்தவள்தான் என்றேன். அவர் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிச் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

டீ வந்தது. அந்த அட்டையை அவர் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

ஏப்ரல் 11, சனி

மூன்று நாளாகப் போன் ஓயவில்லை. தையல்காரர் கடையில் சட்டம் போட்டு மாட்டிவிட்டாராம், ரவிக்கை தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். யானை வரைந்த குழந்தை அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறது. இனிப்பு மாமா கூப்பிட்டு, அதை வேறு யாருக்கும் அனுப்பவில்லையே என்று பயந்து பயந்து கேட்டார். பெரியப்பா மட்டும் பேசவில்லை. பெரியம்மா பேசினார். பேனா பிடிக்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர், அட்டை வந்த அன்றிலிருந்து தினம் ஒரு பக்கம் எழுதுகிறாராம்.

சாயங்காலம் சம்பந்தியம்மா கூப்பிட்டார். அச்சகத்துக்கு நாலு பேர் வந்துவிட்டார்களாம், இதே மாதிரி வேண்டுமென்று. “எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சவங்க பேரைக் குடுத்துட்டேன்” என்றார்.

ஜூன் 20, சனி

அடுத்த வாரம் அச்சகத்தில் ஒரு புதுப் பிரிவு திறக்கிறோம். தாள் வெட்டும் மேசைக்குப் பக்கத்து அறை, இரண்டு லேமினேஷன் மெஷின், ஜன்னல் ஓரத்தில் என் நாற்காலி. டாக்டர் மாலை வேலையிலிருந்து என்னை விடுவித்துவிட்டார், காலையில் மட்டும் வந்தால் போதுமாம். மெஷினையும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்.

திறப்புக்கான அழைப்பிதழின் முதல் பிரதியை மகள் கொண்டுவந்தாள். சம்பந்தியம்மா கொடுத்தனுப்பியது, கூடவே ஒரு சீவின பென்சிலும். பிழை இருந்தால் நான் பார்த்துக் குறித்துத் தர வேண்டுமாம். தான் பார்த்தது போதாதாம்.

விரித்துப் பார்த்தேன். என் பெயர் நடுவில், தனி வரியில், எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் பெயர் அதற்குக் கீழே. உடனே போன் போட்டேன். இவ்வளவு பெரிதாகப் போட இடம் இருந்ததா என்று கேட்டேன், வாய் சும்மா இருக்குமா.

“இடம் பத்தல சம்பந்தி” என்றார். “தாளைப் பெருசாக்கிட்டேன்.”

ஒவ்வொரு எழுத்தாக மூன்று தடவை பார்த்தேன். பிழை இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டேன். அப்புறம் அதன் மேலேயே பேனாவால் இன்னொரு தடவை போட்டேன்.